தட்டில் பிழையா, ஊசியில் பிழையா: இசைத்தட்டுக் குறைகளை அறிகுறி வழியே கண்டறிதல்

வன்னியில் இன்று கைக்கு வரும் இசைத்தட்டுகள் பெரும்பாலும் இரண்டு வழியாக வருகின்றன. கோயில் பொங்கலுக்கும் கலியாண வீட்டுக்கும் லவுட்ஸ்பீக்கர் கட்டியவர்களின் றங்குப்பெட்டிகளில், இடப்பெயர்வுகளையும் தாண்டித் தப்பியவை ஒரு வகை. கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் உறவினர்கள் பிளேயரோடு சேர்த்துக் கொண்டுவருபவை மற்ற வகை. இரண்டு வகையும் பாடும்போது ஏதாவது முறைப்பாடு எழும். முறைப்பாடு எழுந்தவுடன் ஊசியை மாற்றுவதோ தட்டைத் தூக்கி எறிவதோதான் வழக்கமாக நடக்கிறது. ஆனால் குறை எங்கே பிறந்தது என்று முதலில் கண்டுகொண்டால், எதைத் திருத்தலாம், எதைத் திருத்தவே முடியாது என்பது பெரும்பாலும் செலவில்லாமலே தெரிந்துவிடும்.

அதற்குத் தட்டு உருவாகும் பாதையைச் சுருக்கமாகவேனும் அறிந்திருக்க வேண்டும். அலுமினியத் தட்டின்மேல் நைத்திரோசெலுலோசு லாக்கர் பூசிய வெற்றுத் தட்டை வெட்டுப்பொறியில் சுழலவிட்டு, சூடேற்றப்பட்ட கூரிய நீலக்கல் அல்லது மாணிக்க முனையால், ஒலியின் அசைவுக்கு ஏற்ப ஒரே சுருளாகத் தவாளிப்பை, அதாவது ஊசி ஓடும் நுண்பள்ளத்தை, வெட்டுவார்கள். வெட்டிய லாக்கரின் மேல் மெல்லிய வெள்ளிப் படலம் படியவிட்டு, அதன்மேல் நிக்கலை மின்முலாமாக வளர்த்துப் பிரித்தெடுத்தால், தவாளிப்பு இருந்த இடமெல்லாம் முகடாக உள்ள ஒரு தகடு கிடைக்கும். இது தொழிலில் ‘தந்தை’ எனப்படும். தந்தையிலிருந்து ‘தாய்’, அதில் மறுபடியும் தவாளிப்பு இருப்பதால் ஊசி வைத்துக் கேட்டுச் சரிபார்க்கலாம். தாயிலிருந்து முகடுள்ள ஸ்ராம்பர், அதாவது அச்சுத்தகடு. இரண்டு அச்சுத்தகடுகளுக்கு நடுவே, இருபுறமும் லேபிளை வைத்த இளகிய பி.வி.சி. கட்டியை இட்டு, நீராவியால் ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்குச் சூடேற்றிய அழுத்தியில் 100 தொன் அளவிலான விசையால் நசுக்கி, உடனேயே குளிர்நீரை ஓடவிட்டு இறுகச்செய்து, விளிம்பில் பிதுங்கியதை வெட்டிவிட்டால் தட்டு தயார். அழுத்தியில் ஒரு தட்டுக்கு ஆகும் நேரம் அரை நிமிடம் வரைதான். வெட்டு, முலாம், அழுத்தம் ஆகிய மூன்று படிகளிலும் நேரும் பிழைகள் தட்டோடு கூடவே பிறப்பவை. வெயில், புழுதி, பூஞ்சணம், பாரமான ஊசி ஆகியவற்றால் வருபவை பின்னர் நேர்ந்தவை.

இவற்றைப் பிரித்தறிய உதவும் முதற்கருவி, விநாடி முள் உள்ள ஒரு மணிக்கூடு. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி எடுக்கும். 45 வேகத் தட்டு 1.33 விநாடி, 78 வேகத் தட்டு 0.77 விநாடி. எந்தச் சத்தமும் இந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் அதன் காரணம் தட்டில் இருக்கிறது. இந்த இடைவெளிக்குக் கட்டுப்படாமல், எந்தத் தட்டைப் போட்டாலும் ஒரே மாதிரிக் கேட்டால், காரணம் பிளேயரிலோ அம்பிளிபயரிலோ மின்சாரத்திலோ இருக்கிறது.

பாட்டு முழுவதும் சுருதி இறங்கி, இழுத்துப் பாடுகிறது

கனடாவிலிருந்து வந்த பிளேயர் என்றால் இதை முதலில் சந்தேகிக்கலாம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். பிளேயரோடு ஒரு மின்மாற்றியையும் வாங்கி வோல்டேஜைக் குறைத்துவிட்டதால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். மின்மாற்றி வோல்டேஜை மாற்றுமே தவிர மீடிறனை, அதாவது ஹேர்ட்ஸ் அளவை, மாற்றாது. மின்சாரத்தின் மீடிறனைப் பின்பற்றிச் சுழலும் ஒத்தியங்கு மோட்டார் உள்ள பிளேயர், இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வரவேண்டிய இடத்தில் 28 சுற்றுக்கும் சற்றுக் குறைவாக வரும். சுருதி மூன்று சுரத்தானம் அளவுக்கு இறங்கிவிடும். பெண் குரல் ஆண் குரல்போலக் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள்.

சோதிப்பது எளிது. தட்டின் லேபிள் ஓரத்தில் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டி, ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை கடந்து போகிறது என்று எண்ணுங்கள். 33க்குச் சற்று மேலே வந்தால் நல்லது. 28 வந்தால் மீடிறன்தான் காரணம். எண்ணிக்கை 30, 32 என்று இடையில் நின்றால் தளர்ந்த இறப்பர்ப் பட்டியையோ காய்ந்துபோன எண்ணெயையோ பாருங்கள். சுழல்மேடையின் விளிம்பில் புள்ளி வரிசைகள் இருந்தால், 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய இழைக் குமிழின் வெளிச்சத்தில் 180 புள்ளி உள்ள வரிசை அசையாமல் நிற்க வேண்டும். 216 புள்ளி வரிசை 60 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கானது. எல்.ஈ.டி. குமிழ்களில் பல இந்தச் சோதனைக்கு உதவுவதில்லை.

தீர்வு, மோட்டார்த் தண்டிலுள்ள கப்பியை ஐந்தில் ஒரு பங்கு விட்டம் கூடிய கப்பியால் மாற்றுவதுதான். சில பழைய பிளேயர்களில் இரண்டு மீடிறனுக்குமான கப்பி உள்ளேயே இருக்கும், அதைத் திருப்பிப் பூட்டினால் போதும். கடைசல் பட்டறையில் பித்தளையில் கடைந்தும் வாங்கலாம். நேர்மின் மோட்டாரும் தனியான வேகக் கட்டுப்பாடும் உள்ள பிளேயர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சிறிய பெற்றோல் ஜெனரேற்றரில் ஓடவிடும்போது பாட்டு நீண்டும் குறுகியும் ஒலித்தால் அதற்கும் இதே காரணம்தான்: சுமை கூடக்கூட ஜெனரேற்றரின் மீடிறன் இறங்குகிறது, மோட்டார் அதைப் பின்பற்றுகிறது.

சுற்றுக்கு ஒருமுறை சுருதி ஏறி இறங்குகிறது

நாதஸ்வரத் தட்டைப் போட்டுப் பார்த்தால் இந்தக் குறை ஒளிக்க முடியாமல் வெளிவரும். தவில் அடியிலும் வேகமான சங்கதியிலும் மறைந்துவிடும் அசைவு, ஒரே சுரத்தில் நீண்டு நிற்கும் கார்வையில் தெளிவாகக் கேட்கும். 1.8 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் நடுத்துளை பிசகியிருக்கிறது, அல்லது தட்டு நெளிந்திருக்கிறது. எது என்று அறிய, தட்டு ஓடும்போது ஊசிக்கையை இரண்டு திசையிலிருந்து பாருங்கள். பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது கை மேலும் கீழும் எழுந்து தாழ்ந்தால் நெளிவு. மேலிருந்து பார்க்கும்போது கை உள்ளும் வெளியுமாக ஊசலாடினால் துளைப் பிசகு.

துளைப் பிசகு எங்கே பிறக்கிறது என்பதை அறிந்தால் அதன்மீது கோபம் குறையும். அச்சுத்தகட்டின் நடுவைக் கண்டுபிடிக்க, தொழிலாளி அதைச் சுழலவிட்டு, இறுதித் தவாளிப்பின் ஊசலை உருப்பெருக்கியால் பார்த்து, ஊசல் நின்ற இடத்தில் துளையிடுகிறார். தவாளிப்புகளுக்கு இடையிலான தூரம் மில்லிமீற்றரில் எட்டில் ஒரு பங்கு அளவில் இருக்கும்போது, இந்த நடுவை அரை மில்லிமீற்றர் தவறவிடுவது பெரிய அசட்டை இல்லாமலே நடந்துவிடும். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு அச்சுத்தகடுகள் என்பதால் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் பிசகியும் இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் ஊசலாடும் தட்டைக் கண்டால் பிளேயரைக் கழற்றத் தேவையில்லை.

பிசகின் விளைவு உள்ளே போகப் போகக் கூடும். துளை 1 மி.மீ. பிசகியிருந்தால், நடுவிலிருந்து 146 மி.மீ. தொலைவிலுள்ள முதற்பாட்டில் வேகம் 0.7 சதவீதம் கூடிக் குறையும்; 60 மி.மீ. தொலைவிலுள்ள கடைசிப் பாட்டில் அதே பிசகு 1.7 சதவீதமாகிவிடும். அது அரைச் சுரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு அண்மையான ஆட்டம், ஆலாபனை கேட்டுப் பழகிய காது அதைப் பொறுக்காது.

இதைத் திருத்தலாம். நடுத்துளையின் விட்டம் 7.24 மி.மீ.; அதை உருளை அரத்தால் எல்லாப் பக்கமும் சமமாக ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு விரித்து, தட்டைச் சுழலவிட்டு, ஊசிக்கை மிகவும் வெளியே தள்ளப்படும் கணத்தில் ஊசியின் பக்கமாக நிற்கும் விளிம்பை நடுத்தண்டை நோக்கி மயிரளவு தள்ளி, கை அசையாமல் நிற்கும்வரை பொறுமையாகச் செய்ய வேண்டும். ஊசி தவாளிப்பில் இருக்கும்போது தட்டைத் தள்ளக்கூடாது, தூக்கிவிட்டுத் தள்ளுங்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் இதையே செய்ய வேண்டியிருக்கும் என்பதால், அபூர்வமான தட்டுக்கு மட்டும், அதுவும் கணினியில் பதிந்து வைப்பதற்காக மட்டும் இந்த வேலையைச் செய்வது நல்லது. அரத்தூள் தவாளிப்பில் விழாமல் தட்டின்மேல் துணி போர்த்திக்கொள்ள வேண்டும்.

சுற்றுக்கு ஒரு ‘டிக்’

முதலில் அந்தச் சத்தம் எத்தனை சுற்றுக்குத் தொடர்கிறது என்று எண்ணுங்கள். ஒரு பக்கத்தில் 20 நிமிட இசை இருந்தால், ஏறத்தாழ 667 சுற்றுகள் 86 மி.மீ. அகலத்துக்குள் அடங்கியிருக்கின்றன. ஆகவே ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.13 மி.மீ. அளவு. எட்டு முறை ‘டிக்’ கேட்டு ஓய்ந்தால், ஒரு மில்லிமீற்றர் அகலமான குறை ஒன்று அங்கே இருக்கிறது. ஐம்பது அறுபது முறை தொடர்ந்தால் அது கீறல், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாலே தெரியும்.

சிறிய குறையாக இருந்தால், ‘டிக்’ கேட்கும் கணத்தில் லேபிளின் எந்த எழுத்து ஊசிக்கு நேரே வருகிறது என்று குறித்துக்கொண்டு, தட்டை எடுத்து அந்த நேர்கோட்டில் உருப்பெருக்கியால் தேடுங்கள். நம்மூர்த் தட்டுகளில் பெரும்பாலும் அகப்படுவது கிறவல் மணல். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கிறவல் வீதியோரத்து வீடுகளில் உறைக்குள்ளேயும் இந்தச் செம்புழுதி புகுந்துவிடுகிறது. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கும்போது அது தவாளிப்புச் சுவரில் பதிந்து உட்கார்ந்துவிடுகிறது. எனவே உலர்ந்த தட்டைத் துடைப்பதை முற்றாகக் கைவிட வேண்டும். மேற்புழுதியை மெல்லிய தூரிகையால் அகற்றி, பிறகு ஈரத்தில் கழுவுவதே முறை. கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் உதவாது: எங்கள் பகுதிகளில் பல கிணறுகளின் நீரில் சுண்ணாம்புத் தன்மை கூடுதலாக இருப்பதால், அது காய்ந்தபின் தவாளிப்புக்குள் வெள்ளைப் படிவாகி, முன்பு இருந்ததைவிட அதிகம் இரையும். வாகனக் கராஜ்களில் பற்றறிக்கு ஊற்ற விற்கப்படும் காய்ச்சி வடித்த நீரை வாங்குங்கள். போத்தலில் இருப்பது அமிலமல்ல, நீர்தான் என்பதை வாங்கும்போதே உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதில் ஓரிரு துளி பாத்திரம் கழுவும் திரவம் போதும். லேபிளை நனைக்காமல், தவாளிப்பு ஓடும் திசையிலேயே மென்மையான துணியால் துடைத்து, வெறும் வடிநீரால் மறுபடி அலசி, நிழலில் நிறுத்திக் காயவிட வேண்டும்.

கழுவியும் போகாத ‘டிக்’ தட்டோடு பிறந்ததாக இருக்கலாம். மின்முலாமிடும்போது ஒட்டிக்கொண்ட வாயுக் குமிழி, அச்சுத்தகட்டில் படிந்த ஒரு துகள் ஆகியவை அந்தத் தகட்டில் அடித்த எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் மேடாகவோ குழியாகவோ பதிந்துவிடும். இதே தட்டு வேறு ஒருவரிடம் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் அதே சொல்லில் ‘டிக்’ வந்தால் ஊசியையும் புழுதியையும் குற்றம் சொல்ல வேண்டாம். ஒப்பிடும்போது, லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இடையிலுள்ள வெறுமையான வளையத்தில் பொறித்திருக்கும் எழுத்துகளையும் எண்களையும் ரோச் வெளிச்சத்தில் வாசியுங்கள். எந்த லாக்கரிலிருந்து தட்டு வந்தது என்பதை அந்தப் பொறிப்பே சொல்கிறது. பிரித்தானியாவில் ஈ.எம்.ஐ. நிறுவனம் அடித்த தட்டுகளில் தாய்த்தகட்டின் எண்ணும், அச்சுத்தகட்டின் எண்ணைக் குறிக்கும் எழுத்தும்கூட இந்த வளையத்திலேயே இருக்கும். ஒரே லாக்கரிலிருந்து வந்த இரண்டு தட்டுகள் வேறு வேறு அச்சுத்தகடுகளில் அடிக்கப்பட்டிருக்கலாம், அப்போது ஒன்றில் குறையும் மற்றதில் சுத்தமும் இருப்பதில் வியப்பில்லை.

துணி கிழிவதுபோல் ஒரு சரசரப்பு, பெரும்பாலும் ஒரு பக்க ஸ்பீக்கரில்

அழுத்தியில் பி.வி.சி. முழுமையாகப் பரவாததன் அடையாளம் இது. கொழுக்கட்டை மா இறுகிப்போனால் அச்சின் மூலைக்குள் போகாமல் நின்றுவிடுவதைப்போல, சூடு போதாத அல்லது அழுத்தம் போதாத பிளாஸ்ரிக், அச்சுத்தகட்டின் முகடுகளுக்கு இடையே முழுமையாக ஏறாமல் நின்றுவிடுகிறது. சாய்வெளிச்சத்தில் பார்த்தால் தையல் போட்டதுபோலச் சிறு புள்ளிகள் வளைவாகத் தெரியும், மேற்பரப்பின் பளபளப்பும் அந்த இடத்தில் மங்கியிருக்கும். கழுவிப் பயனில்லை, ஊசி மாற்றிப் பயனில்லை. புதிதாக வாங்கிய தட்டென்றால் திருப்பிக் கொடுங்கள்.

வெளிப் பாட்டுகள் தெளிவு, உள்ளே போகப் போக ‘ச’கரம் சீறுகிறது

இது ஊசிக்கும் வெட்டுப்பொறிக்கும் நடுவிலுள்ள குறை, ஆகவே தீர்வும் பாதிதான். தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், ஊசியின் கீழே தவாளிப்பு ஓடும் வேகம் ஒரே அளவில் இருப்பதில்லை. வெளி விளிம்பில் அது விநாடிக்கு ஏறத்தாழ 510 மி.மீ.; கடைசிப் பாட்டில் 210 மி.மீ. 10,000 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 0.05 மி.மீ. நீளத்துக்கு விரிந்து கிடக்க, உள்ளே 0.02 மி.மீ.க்குள் நெருக்கப்படுகிறது. உருண்டை முனையுள்ள மலிவான ஊசி அந்த நெருக்கத்துக்குள் நுழைய முடியாமல் அலையின் மேலே வழுக்கிப்போகும்போதுதான் ‘ச’வும் ‘ஷ’வும் சீறுகின்றன.

நல்ல வெட்டுப் பொறியியலாளர் இதை அறிவார். சீறும் எழுத்துகளை வெட்டுவதற்கு முன்பே தணிப்பார். ஆரவாரமான பாட்டை வெளியே வைத்து, மென்மையானதைக் கடைசியில் வைக்கும்படி சொல்வார். ஒரு பக்கத்தில் 20 நிமிடத்தைத் தாண்டவேண்டாம் என்று கேட்டுக்கொள்வார். 30 நிமிடத்தைத் திணித்தால் 1,000 சுற்றுகள் அதே அகலத்துக்குள் வரவேண்டும், அப்போது ஒவ்வொரு தவாளிப்புக்கும் கிடைக்கும் இடம் மூன்றில் இரண்டாகக் குறைகிறது. இடம் குறைந்தால் ஒலியின் அளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். கேட்பவர் அம்பிளிபயரைத் திருகும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறும். பக்கத்துக்கு இரண்டு பாட்டு வைத்து வந்த 7 அங்குலத் திரைப்பாடல் தட்டுகள், ஒரு பாட்டுத் தட்டைவிட மெல்லியதாக ஒலிப்பதற்கும் காரணம் இதுவே. அது தட்டின் தேய்மானமல்ல.

நம்மால் செய்யக்கூடியவை: ஊசி முனையில் படிந்த அழுக்கை அகற்றுவது; காட்றிஜ், அதாவது ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின்னாக்கும் பகுதி, நேராகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது; தயாரிப்பாளர் சொல்லும் பாரத்தை, காந்தக் காட்றிஜ்களுக்கு பெரும்பாலும் 2 கிராமுக்கு அண்மையில், சரியாக வைப்பது; முடிந்தால் நீள்வட்ட முனையுள்ள ஊசி வாங்குவது. பாரம் குறைந்தால் தட்டு நீடிக்கும் என்று நம்பிக் குறைத்து வைப்பவர்கள் பலர். போதாத பாரத்தில் ஊசி தவாளிப்புக்குள் துள்ளித் துள்ளி அதன் சுவரைச் சிதைக்கிறது, சற்றுக் கூடிய பாரத்தைவிட அது பெரிய கேடு. இவ்வளவும் செய்தபின்னும் சீறினால், பழைய பாரமான ஊசி ஒன்று முன்பே அந்தத் தட்டை உழுதுவிட்டது என்று கொள்ள வேண்டியதுதான்.

பாட்டுத் தொடங்குமுன்பே அதன் நிழல் கேட்கிறது

அமைதியான இடத்தில், பாடகர் வாய் திறப்பதற்கு முன், அதே சொல் தூரத்தில் ஒலிப்பதுபோல மெல்லக் கேட்கும். பேய்க்கதை சொல்ல வேண்டியதில்லை. லாக்கர் மென்மையானது, ஒரு சுற்றின் பெரிய அசைவை வெட்டும்போது, பக்கத்தில் ஏற்கெனவே வெட்டிய சுற்றின் சுவரும் இம்மியளவு நெளிகிறது. நிழலுக்கும் நிஜத்துக்கும் இடைவெளி சரியாக ஒரு சுற்று, அதாவது 1.8 விநாடி என்றால் வெட்டுப்பொறியின் வேலை. இடைவெளி அதனோடு ஒத்துவராவிட்டால், மூலப் பதிவு நாடா சுருளில் சுற்றிக் கிடந்தபோது ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குக் காந்தம் பதிந்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்தில்லை. லாக்கருக்குப் பதிலாகச் செப்புத் தகட்டில் நேரே வெட்டும் முறை 1980களில் வந்தபோது, இந்த நிழல் வெகுவாகக் குறைந்தது.

ஊசி தாவுகிறது, அல்லது ஒரே வரியில் சிக்கிக்கொள்கிறது

எந்தத் தட்டிலும் தாவினால் பிளேயர் சமமட்டத்தில் இல்லை, பாரம் போதவில்லை, அல்லது கையின் உள்ளிழுப்பை ஈடுசெய்யும் ஏற்பாடு பிழையாக உள்ளது. ஒரு தட்டில், ஒரே இடத்தில் தாவினால் அங்கே கீறலோ மணலோ இருக்கிறது. ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் ஊசி உட்சுவரைத் தாண்ட முடியாமல் பழைய சுற்றுக்கே திரும்பி விழுகிறது. மூன்றாவது ஒரு வகை உண்டு: கீறலே இல்லாத புதிய தட்டில், பலத்த பாஸ் அடிக்கும் இடத்தில் மட்டும் தாவுவது. ஸ்ரீரியோத் தவாளிப்பில் இரண்டு பக்கமும் ஒரே ஒலி இருந்தால் ஊசி பக்கவாட்டில் அசைகிறது. இரண்டு பக்கமும் எதிரெதிரான ஒலி இருந்தால் மேலும் கீழும் அசைகிறது. பாஸ் ஒலி எதிரெதிராகப் பதிந்திருந்தால் தவாளிப்பு ஓரிடத்தில் மிக ஆழமாகவும் அடுத்த இடத்தில் ஊசியைத் தாங்க முடியாத அளவுக்கு மெல்லியதாகவும் போய்விடும். அதனால்தான் வெட்டுமுன் தாழ்ந்த ஒலிகளை நடுவுக்குக் கொண்டுவந்து ஒன்றாக்குகிறார்கள். அதைச் செய்யாமல் வெட்டிய தட்டு, பாரமான நல்ல கையில் பாடும், பெட்டிப் பிளேயரின் பிளாஸ்ரிக் கையில் தாவும். கையின்மேல் நாணயக் குற்றி வைப்பது அந்த ஒரு நிமிடத்துக்கு வேலை செய்யும், ஆனால் ஆண்டுக்கணக்கான தேய்மானத்தைச் சில நாளில் தட்டுக்குக் கொடுத்துவிடும்.

பாஸ் இல்லை, சத்தமும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் சிறிது

தட்டில் எதுவும் பிழையில்லை. வெட்டும்போது பாஸைக் குறைத்தும் கூர்மையான ஒலிகளை உயர்த்தியும் வெட்டுவது 1954 முதல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் சங்கத்தின் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோட்டின்படி பொது முறையாயிற்று. 50 ஹேர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 17 டெசிபெல் தாழ்த்தப்பட்டு, அதாவது ஏழில் ஒரு பங்காக வெட்டப்படுகிறது. 10,000 ஹேர்ட்ஸ் ஏறத்தாழ 14 டெசிபெல் உயர்த்தப்படுகிறது. அப்படிச் செய்யாவிட்டால் பாஸின் பெரிய அசைவு பக்கத்துச் சுற்றுக்குள் புகுந்துவிடும். கேட்கும்போது இதை நேர்மாறாகத் திருப்புவது போனோ முன்பெருக்கியின் வேலை. காந்தக் காட்றிஜின் கம்பியை நேரே ரி.வி. ஸ்பீக்கரிலோ சாதாரண அம்பிளிபயரின் ஓக்ஸ் துளையிலோ செருகினால், தகரத்தில் அடித்ததுபோல ஒல்லியான ஒலிதான் வரும். ஒரு முன்பெருக்கியை இடையில் போடுங்கள். நேர்மாறாக, ஒலி உருண்டு திரண்டு கரகரத்தால், முன்பெருக்கி உள்ளேயே உள்ள பிளேயரை மறுபடியும் போனோத் துளையில் செருகியிருக்கிறீர்கள். பழைய பெட்டிப் பிளேயர்களின் செரமிக் காட்றிஜுக்கு இந்த முன்பெருக்கி வேண்டியதில்லை.

விடாத உறுமல்

தட்டை எடுத்துவிட்டு ஊசியைக் காற்றில் வைத்தபோதும் உறுமினால் புவித்தொடுப்பு வயரைப் பாருங்கள். காட்றிஜ் மின்மாற்றிக்குக் கிட்ட இருக்கிறதா என்றும் பாருங்கள். தட்டு ஓடும்போது மட்டும் உறுமினால் அது மோட்டாரின் அதிர்வு, அல்லது தட்டிலேயே வெட்டப்பட்ட அதிர்வு. ‘இத்தனை வருடமும் கேட்காத உறுமல் இப்போது கேட்கிறது’ என்று பழைய லவுட்ஸ்பீக்கர்க்காரர் வீட்டுத் தட்டுகளைப் பற்றிச் சொல்பவர்கள் உண்டு. அந்தத் தட்டுகள் வற்றாப்பளைப் பொங்கலிலும் கலியாண வீடுகளிலும் கூம்பு ஒலிபெருக்கியில் பாடியவை. கூம்பு தாழ்ந்த ஒலிகளை எழுப்பாது, ஆகவே உறுமல் அன்றும் இருந்தது, காதுக்கு வரவில்லை. இன்றைய பெரிய ஸ்பீக்கரில் அது வெளிவருகிறது. முன்பெருக்கியில் தாழ்ந்த ஒலிகளை அகற்றும் வடி இருந்தால் போட்டுவிடுங்கள். ஒற்றை ஒலிவழியில் பதிந்த பழைய திரைப்பாடல் தட்டுகளுக்கு இன்னொரு கைமருந்தும் உண்டு: அம்பிளிபயரை மொனோவுக்கு மாற்றினால், இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருப்பதால் அப்படியே நிற்க, மேலும் கீழுமான அசைவால் வரும் உறுமலும் வெடிப்பும் பெருமளவு ஒன்றையொன்று அழித்துவிடும். காசில்லாமல் கிடைக்கும் மாற்றங்களில் இதைவிடப் பெரியது இல்லை.

தட்டு கிண்ணம்போல் வளைந்துவிட்டது

ஆலையில் போதிய நேரம் குளிரவிடாமல் எடுத்து அடுக்கினாலும் வளையும். இங்கே வளைவதற்கு ஆலை வேண்டாம், தட்டுக்கான பி.வி.சி. 60, 70 பாகையில் நெகிழத் தொடங்குகிறது, ஏ9 வீதியோரம் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வான் வண்டிக்குள் சித்திரை வெயில் அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் எடுக்காது. தகரக் கூரைக்குக் கீழே பரணில் படுக்கையாக அடுக்குவதும் அப்படித்தான். நிலமட்டத்தில், உட்சுவரோரம், நெருக்கமாக நிமிர்த்தி வைக்க வேண்டும். கறையானுக்காகத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி வையுங்கள். இறுக்கமான பிளாஸ்ரிக் உறையோடு வந்த புதிய தட்டின் உறையைக் கிழித்துவிடுங்கள், சூட்டில் அது சுருங்கி ஓரத்தை இழுக்கும். வளைந்த தட்டைக் கழுவிக் காயவைத்து, இரண்டு தடித்த கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து மேலே புத்தகங்களை ஏற்றிச் சில வாரம் விட்டால் சிறிய வளைவு தணியும். இஸ்திரிப் பெட்டியும் வெந்நீரும் வேண்டாம். தட்டு நிமிர்ந்தாலும் தவாளிப்பு தன் வடிவை இழந்துவிடும்.

மாரிக்குப் பின் எல்லாத் தட்டும் பொரிகிறது

பூஞ்சணம். மேலே சொன்னபடி கழுவும் நீரில் ஐந்தில் ஒரு பங்கு ஐசோபுறோப்பைல் அற்ககோல் சேர்த்தால் வைனல், அதாவது பி.வி.சி., தட்டில் அது கரைந்து போகும். காகித உள்ளுறையை எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள், பழைய உறையில்தான் வித்து இருக்கிறது.

78 தட்டு இடைவிடாமல் இரைகிறது

முதலில் ஊசியைப் பாருங்கள். இந்தத் தட்டுகளின் தவாளிப்பு அகலமானது. அதற்கு ஏறத்தாழ 75 மைக்கிரோன் முனை வேண்டும். 33⅓ வேக எல்.பி. தட்டுக்கான 18 முதல் 25 மைக்கிரோன் ஊசி சுவரைத் தொடாமல் அடியில் உருண்டு, அங்குள்ள கசட்டை மட்டும் வாசிக்கும். சரியான ஊசியிலும் ஓரளவு இரைச்சல் மிஞ்சும், ஏனென்றால் 78 தட்டு பி.வி.சி. அல்ல: அரக்கோடு கல்தூளைக் கலந்து அழுத்தியது. அந்தக் காலத்து எஃகு ஊசியைத் தட்டின் வடிவத்துக்குத் தேய்ப்பதற்காகவே கல்தூள் சேர்க்கப்பட்டது. கல்கத்தாவில் கிராமபோன் கம்பனி 1908இல் தொடங்கிய ஆலையிலும், பின்னர் அதன் அருகே டம்டம்மிலும் அடித்து, மதராஸ் வழியாக நம்மிடம் வந்த தட்டுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. அரக்கு அற்ககோலில் கரையும். ஆகவே வைனலுக்குச் சொன்ன அற்ககோல் கலவையை 78 தட்டில் ஒரு துளியும் விடக்கூடாது. வடிநீரும் சோப்பும் மட்டும், அதுவும் ஊறவிடாமல். 0.77 விநாடிக்கு ஒரு வெடிப்புக் கேட்டால் விளிம்பிலிருந்து உள்ளே ஓடும் மயிர்வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பசை பூசாமல், தட்டை இரு கையாலும் தட்டையாகத் தூக்கி வைத்து, ஒருமுறை கணினியில் பதிந்துகொண்டு, தடித்த அட்டைகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்துவிடுங்கள்.